ஐ.ஜி.ஐ.க்கும் ரோட் ராஷுக்கும் ஏன் அடுத்த பாகம் வரவில்லை?

"ரோட் ராஷ், புராஜெக்ட் ஐ.ஜி.ஐ., வைஸ் சிட்டி மாதிரி பழைய கம்ப்யூட்டர் கேம்களில் எதற்கெல்லாம் புதிய பாகம் வரத் தகுதி இருக்கிறது? இத்தனை பேர் கேட்டும் கம்பெனிகள் ஏன் எடுப்பதில்லை? அப்படி ஐ.ஜி.ஐ. வந்தால் நடுவில் சேவ் செய்யும் வசதி இருக்க வேண்டுமா, கூடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க மூன்று கேள்வி. ஆனால் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: ஒரு கேம் நமக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதே அதன் அடுத்த பாகம் வரப் போதுமான காரணமா? என் பதில், போதாது. ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு ஸ்டூடியோக்களுக்காகப் பழைய கேம்களைப் புதிய மெஷின்களில் ஓடும்படி மாற்றித் தரும் வேலையில் பல வருடமாக இருக்கும் புரோகிராமர் நான். அதனால் கோட், என்ஜின் (கேமை அடியிலிருந்து இயக்கும் மென்பொருள்), கோப்புகள் பற்றி நான் சொல்வதை நம்பலாம். உரிமை, ஒப்பந்தம் பற்றிச் சொல்வது பொதுவெளியில் வந்த செய்திகளை வைத்து. நான் வக்கீல் இல்லை. எந்த கேமுக்குப் பணம் ஒதுக்கலாம் என்று முடிவெடுக்கும் அறையில் நான் உட்கார்ந்ததே கிடையாது. அதைப் பற்றிப் பேசும்போது அது ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கேமைத் திரும்பக் கொண்டுவருவது என்றால் நான்கு விதமான வேலைகள் இருக்கின்றன. ரசிகர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பழையதை அப்படியே இன்றைய விண்டோஸில் ஓட வைப்பது ஒன்று. படத்தையும் ஒலியையும் மட்டும் துலக்குவது ரீமாஸ்டர். அதே கதையை முதலிலிருந்து புதிதாகக் கட்டுவது ரீமேக். நான்காவதுதான் உண்மையான அடுத்த பாகம். நன்றாக முடிந்துவிட்ட ஒரு கேமுக்கு முதல் வகையே போதும். ஜான் ரொமேரோ 1988-இல் செய்த டேவ் என்ற சின்ன கேம் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு என்ன குறை, முப்பரிமாணத்தில் டேவ் வந்து என்ன ஆகப்போகிறது? ஒரு நல்ல யோசனை தொடங்கி, அன்றைய மெஷினோ பணமோ நேரமோ போதாமல் பாதியில் நின்றுபோயிருக்க வேண்டும், அதன் பிறகு வேறு யாரும் அதை முடித்துவைத்திருக்கக் கூடாது. அப்படிப்பட்ட கேமுக்குத்தான் அடுத்த பாகம் வர வேண்டும் என்பேன். நம் ஏக்கம் எவ்வளவு பெரியது என்பது அந்தக் கணக்கில் வராது.

இந்த அளவுகோலை வைத்தால் உங்கள் பட்டியலில் முதலிடம் ஐ.ஜி.ஐ.க்குத்தான். நார்வேயில் இன்னர்லூப் என்ற சின்ன ஸ்டூடியோ செய்து, 2000 டிசம்பரில் ஈடாஸ் வெளியிட்ட துப்பாக்கிச் சண்டை கேம் அது. பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: அதன் என்ஜின் துப்பாக்கிச் சண்டைக்காக எழுதப்பட்டதே இல்லை. இன்னர்லூப் 1997-இல் ஜாயின்ட் ஸ்ட்ரைக் ஃபைட்டர் என்று ஒரு போர் விமான கேம் செய்தார்கள். வானத்திலிருந்து பார்த்தால் மைல் கணக்கில் நிலம் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதிய என்ஜினை எடுத்து, அந்த நிலத்தில் ஒரு ஆளை இறக்கி நடக்க விட்டதுதான் ஐ.ஜி.ஐ. அந்தக் காலத்துத் துப்பாக்கி கேம்கள் பெரும்பாலும் தாழ்வாரத்திலும் அறைகளிலும் சுற்றிக்கொண்டிருக்க, இதில் மட்டும் மலைமேல் படுத்துக்கொண்டு தூரத்து ராணுவ முகாமை பைனாகுலரில் பார்க்க முடிந்தது இதனால்தான். கையடக்க மேப் கம்ப்யூட்டரில் சேட்டிலைட் படம் போல முகாமை மேலிருந்து பார்த்து, எந்த வேலியில் இறங்கலாம், எந்த கேமராவை முதலில் அணைக்க வேண்டும் என்று நாமே திட்டம் போட்டுக்கொண்டு இறங்குவோம். நாம் ஆடும் நாயகன் டேவிட் ஜோன்ஸ் தனி ஆள். துணைக்கு வர ஒருவரும் இல்லை.

அந்த யோசனைக்கு ஈடுகொடுக்கும் எதிரிகள்தான் அதில் இல்லை. காவலாளிகள் போட்ட கோட்டில் நடப்பார்கள், சுட்டால் திரும்பிச் சுடுவார்கள், அவ்வளவுதான். அலாரம் அடித்துவிட்டால் அவர்கள் தங்கும் பாராக்ஸ் கதவிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கதவுக்கு எதிரே நின்றுகொண்டு ஒவ்வொருவராகச் சுட்டுத் தள்ளிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். மறைந்து போவதற்கான நிலம் இருந்தது, மறைந்து போகிறோமா என்று கவனிக்கும் மூளை எதிர்ப்பக்கம் இல்லை. மல்டிபிளேயரும் கிடையாது. 2003-இல் கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட இரண்டாம் பாகத்தில் மல்டிபிளேயர் சேர்ந்தது, மறைந்து செல்லும் முறையும் கொஞ்சம் தேறியது. ஆனால் அதே வருடம் இன்னர்லூப் மூடப்பட்டுவிட்டது. விஷயம் பாதியில் நின்றது என்று சொன்னேனே, அது இதுதான்.

வேறு யாரும் முடித்துவைக்கவில்லையா என்றால், பாதி முடித்துவைத்தார்கள். பெரிய திறந்த நிலம், தூரத்திலிருந்து முகாமை நோட்டமிட்டு உள்ளே போவது எல்லாம் ஃபார் கிரையிலும் பின்னால் வந்த மெட்டல் கியர் சாலிட் ஐந்தாம் பாகத்திலும் நன்றாகவே வந்துவிட்டது. எனவே இன்று ஐ.ஜி.ஐ. வந்தால் நிலப்பரப்பைக் காட்டி மட்டும் ஜெயிக்க முடியாது. மிச்சமிருப்பது அதன் வறட்டுத்தனம். கடை இல்லை, புள்ளி சேர்ப்பது இல்லை, ஆடஆடப் புதுத் திறமைகளைத் திறந்துகொண்டே போகும் மரம் இல்லை. கையில் இருப்பதை வைத்து உள்ளே போய் வேலையை முடித்து வெளியே வர வேண்டும். பெரிய பட்ஜெட் கேம்களில் இப்போது அது அரிதாகிவிட்டது. என் வாக்கு அதற்குத்தான். முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2019-இல் ஸ்வீடனின் டோட்மேன் நிறுவனம் ஐ.ஜி.ஐ. ஆரிஜின்ஸ் என்று ஒன்றை அறிவித்தது. இங்கிலாந்தின் ஆன்டிமேட்டர் கேம்ஸ் அதைச் செய்துகொண்டிருந்தது. 2023-இல் அந்த ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள், கேமும் அதோடு போனது.

பைக் பந்தயத்தில் பக்கத்தில் வருபவனை அடித்துத் தள்ளும் ரோட் ராஷ் வேறு கதை. 1991-இல் சேகா ஜெனசிஸ் கன்சோலுக்காக எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது முதல் கேம். நம்மூர் பிரவுசிங் சென்டர்களிலும் பள்ளிக்கூட கம்ப்யூட்டர் லேபிலும் ஓடியது அது இல்லை. 1994-இல் 3டிஓ கன்சோலுக்கு வந்த மறு உருவாக்கம் 1996-இல் விண்டோஸுக்கு வந்ததே, அதுதான். சிட்டி, பெனின்சுலா, பசிபிக் ஹைவே, நாபா வேலி, சியர்ரா நெவாடா என்று ஐந்து சாலைகளும் கலிஃபோர்னியாவைச் சேர்ந்தவை. சங்கிலி வைத்திருப்பவனிடமிருந்து அதைப் பிடுங்கி அவனையே அடிப்பது, விழுந்தால் வண்டி கிடக்கும் இடத்துக்கு ஓடிப் போய் ஏறுவது, போலீஸ் பிடித்தால் அபராதம் கட்டுவது. இதில் எதுவும் அரைகுறை இல்லை. மூன்று நிமிடத்தில் முழுசாக முடிந்துவிடும் ஒரு சந்தோஷம் அது. அதை நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு சாட்சியும் இருக்கிறது. 2000-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஜெயில்பிரேக் பாகத்தை இன்று எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்? பிறகு ரசிகர்களிடமே கிக்ஸ்டார்டரில் பணம் திரட்டி 2017-இல் முழுமையாக வெளிவந்த ரோட் ரிடெம்ப்ஷன், பெயர் மட்டும்தான் வேறு, அதே குணம். ஆயுதம், வண்டி, பாதை எல்லாம் அதில் கூடுதலாகவே இருக்கின்றன. விளையாடிப் பாருங்கள், பிடித்தால் உங்கள் ஆசை அங்கேயே தீர்ந்துவிடும். என்னைக் கேட்டால் ரோட் ராஷுக்கு வேண்டியது அந்த 1996 பதிப்பை இன்றைய கம்ப்யூட்டரில் சிக்கலில்லாமல் ஓட வைக்கும் ஒரு அதிகாரப்பூர்வ வெளியீடு. அடுத்த பாகம் இல்லை. ரசிகர்கள் கோபித்துக்கொள்வீர்கள், தெரியும்.

வைஸ் சிட்டியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அந்த யோசனை நிற்கவே இல்லை. அது சேர்ந்த ஜி.டி.ஏ. என்ற கேம் குடும்பம் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஜி.டி.ஏ. ஆறாம் பாகம் அதே வைஸ் சிட்டியில்தான் என்று 2023 டிசம்பர் டிரெய்லரிலேயே காட்டிவிட்டார்கள்.

சரி, கம்பெனிகள் ஏன் எடுப்பதில்லை? முதல் தடை உரிமை, இதில் ஓரளவு உறுதியாகப் பேசலாம். இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர். அறுபதுகளின் பாணியில் ஒரு பெண் உளவாளியை வைத்து மோனோலித் ஸ்டூடியோ செய்த கேம். முதல் பாகம் 2000-இல் ஃபாக்ஸ் இன்டராக்டிவ் வெளியீடு, இரண்டாவது 2002-இல் சியர்ரா வெளியீடு. அப்புறம் மோனோலித்தை வார்னர் வாங்கியது, சியர்ராவின் சொத்து சுற்றிச் சுற்றி ஆக்டிவிஷனுக்கு வந்தது. பழைய கேம்களை உயிர்ப்பிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் நைட்டைவ் ஸ்டூடியோஸ் 2014 வாக்கில் இதைத் திரும்பக் கொண்டுவர முயன்றபோது மூன்று நிறுவனங்களின் கதவையும் தட்ட வேண்டியிருந்தது. உரிமை தங்களிடம்தான் என்று காகிதத்தை எடுத்துக் காட்ட யாரும் முன்வரவில்லை. ஆனால் நைட்டைவ் அந்தப் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவு செய்யப் போனபோது வார்னர் எதிர்ப்புத் தெரிவித்தது. பிறகு ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியது, ஆக்டிவிஷனை மைக்ரோசாஃப்ட் வாங்கியது, மோனோலித்தை 2025-இல் வார்னரே மூடிவிட்டது. பாகம் பிரிக்காத பூர்வீக வீடு மாதிரி, யாரும் குடியிருக்கவும் மாட்டார்கள், விற்கவும் விடமாட்டார்கள்.

அதே நைட்டைவ் வேறு இடத்தில் ஜெயித்தது. சிஸ்டம் ஷாக் கேம்களைச் செய்த லுக்கிங் கிளாஸ் 2000-இல் மூடப்பட்டபோது, அதன் உரிமை கடைசியில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கையில் போய்ச் சேர்ந்திருந்தது. கேமே செய்யாத கம்பெனி! நைட்டைவ் அவர்களைத் தேடிப் பிடித்துப் பேசி, 2013-இல் இரண்டாம் பாகத்தைத் திரும்ப விற்பனைக்குக் கொண்டுவந்தது, 2023-இல் முதல் பாகத்தை முழு ரீமேக்காகவே வெளியிட்டது. இரண்டையும் ஒப்பிட்டால் ஒன்று புரியும். உரிமை ஒரே கையில் இருந்தால், அந்தக் கை யாருடையதாக இருந்தாலும் பேசித் தீர்க்கலாம்.

இரண்டாவது தடையை நான் தினமும் பார்க்கிறேன்: மூலப்பொருள் இருக்காது. கேம் வெளியானதும் சோர்ஸ் கோடையும் மாடல் கோப்புகளையும் ஒழுங்காகப் பத்திரப்படுத்தும் பழக்கம் அந்தக் காலத்தில் பல ஸ்டூடியோக்களில் இருந்ததில்லை. கொனாமி 2012-இல் சைலன்ட் ஹில் எச்.டி. தொகுப்பைச் செய்தபோது இறுதிக் கோட் இல்லாததால், வெளியீட்டுக்கு முந்தைய, முழுமையாகாத கோடை வைத்து வேலை செய்ய வேண்டியிருந்தது. பழைய கேமில் என்றோ சரி செய்த பிழைகளையெல்லாம் மறுபடி சரி செய்தார்கள். வந்த தொகுப்பைப் பார்த்த ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். கிங்டம் ஹார்ட்ஸ் முதல் பாகத்தின் அசல் கோப்புகளும் தொலைந்து, பலவற்றைப் புதிதாகவே உருவாக்கினார்கள். பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவின் 1989 ஆப்பிள் பதிப்புக் கோட், 2012-இல் அதைச் செய்த ஜோர்டன் மெக்னரின் அப்பா வீட்டில் ஒரு பெட்டியில் ஃபிளாப்பிகளாகக் கிடைத்தது. பெட்டியை யாராவது பழைய சாமான் என்று தூக்கிப் போட்டிருந்தால் அவ்வளவுதான்.

கோட் கிடைத்தாலும் உடனே ஓடாது. அந்தக் காலத்தில் பல கேம்களில் இயக்க விதிகளைப் பிரேம் கணக்கோடு, அதாவது நொடிக்குத் திரையில் எத்தனை படம் மாறுகிறது என்பதோடு, முடிச்சுப் போட்டிருப்பார்கள். நொடிக்கு முப்பது பிரேம் என்று நினைத்து எழுதியதை நூற்றுநாற்பது பிரேமில் ஓட்டினால் வண்டி சறுக்கும், கதவு அதிரும், நீச்சல் வேகம் மாறும். வைஸ் சிட்டியில் பிரேம் லிமிட்டரை அணைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். 4:3 திரைக்காக வரைந்த மெனு அகலத் திரையில் இழுபடும். சி.டி.யில் திருட்டைத் தடுக்கப் போட்ட சேஃப்டிஸ்க் பூட்டு விண்டோஸ் 10-இல் வேலையே செய்யாது. காசு கொடுத்து வாங்கிய அசல் சி.டி.தான் ஓடாமல் போகும். இவற்றைத் தீர்க்கும் வேலை அலுப்பானது. அதிலும் ஒரு பிழையைத் திருத்தும்போது, ரசிகர்கள் அந்தப் பிழையைத்தான் கேமின் ருசி என்று வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, பாட்டு. அன்று குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் பாட்டு உரிமை வாங்கினார்கள். வைஸ் சிட்டியின் பிந்தைய டிஜிட்டல் பதிப்புகளில் நீக்கப்பட்ட பாட்டுகளில் மைக்கேல் ஜாக்சனின் பில்லி ஜீனும் ஒன்று. ரோட் ராஷிலும் சவுண்ட்கார்டன், மான்ஸ்டர் மேக்னட் போன்ற அசல் ராக் இசைக்குழுக்களின் பாட்டுகள் இருந்தன. அதை மறுபடி விற்க வேண்டுமானால் ஒவ்வொரு உரிமையாளரிடமும் போய்ப் பேச வேண்டும். அந்தப் பாட்டு இல்லாத ரோட் ராஷை நாம் ஏற்போமா என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் கடந்தாலும் கெட்டுப்போகலாம். பிளிஸார்ட் 2020 ஜனவரியில் வெளியிட்ட வார்கிராஃப்ட் 3 ரீஃபோர்ஜ்டு சொன்னதைச் செய்யவில்லை. போதாததற்கு, பழைய கேமை வைத்திருந்தவர்களின் பதிப்பையும் புதியதால் மாற்றிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2021 நவம்பரில் வந்த ஜி.டி.ஏ. மூன்று பாகத் தொகுப்பும் அப்படியே. கடைப் பலகை எழுத்துகள் தப்பாகி, மழை வெள்ளைக் கோடாக அடித்து, கடைசியில் ஜி.டி.ஏ.வைச் செய்யும் ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டது. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா வரிசையின் சாண்ட்ஸ் ஆஃப் டைம் ரீமேக்கை 2020-இல் நம் புனே, மும்பை யுபிசாஃப்ட் ஸ்டூடியோக்கள் செய்வதாக அறிவித்தார்கள். முதல் காட்சியைப் பார்த்தவுடனேயே இணையம் கிண்டலடித்தது. 2022-இல் வேலையை மான்ட்ரியாலுக்கு மாற்றினார்கள். நம் ஊர் ஆட்களுக்குத் திறமை இல்லை என்று அப்போது பலர் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெளியிலிருந்து பார்த்துக் காரணம் சொல்வது கடினம். ஆனால் ரீமேக் என்பது புதிய கேமைவிடச் சுலபம் என்று நினைத்துக் குறைந்த நேரமும் ஆளும் ஒதுக்குவதை நான் பல திட்டங்களில் பார்த்திருக்கிறேன்.

பணக் கணக்கு பற்றிச் சொல்வது ஊகம் என்றேன். ஊகமாகவே கேளுங்கள். 2024 ஜனவரியில் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா லாஸ்ட் கிரவுன் கிட்டத்தட்ட எல்லா விமர்சகர்களும் பாராட்டிய கேம். எதிர்பார்த்த அளவு விற்கவில்லை, அதே வருடம் அந்தக் குழுவைக் கலைத்துவிட்டார்கள். "வேண்டும், வேண்டும்" என்று இணையத்தில் கேட்கும் கூட்டம் வேறு, முதல் வாரம் முழு விலை கொடுத்து வாங்கும் கூட்டம் வேறு என்பதைக் கம்பெனிகள் இதிலிருந்து கற்றுக்கொள்வார்கள். இங்கே ஐ.ஜி.ஐ. ஆடிய நம்மில் எத்தனை பேர் அதைக் காசு கொடுத்து வாங்கினோம்? அந்தப் பிரியம் எந்த விற்பனைக் கணக்கிலும் ஏறவே இல்லை. ஸ்டாக்ஹோமிலோ லண்டனிலோ உட்கார்ந்து அட்டவணை பார்ப்பவருக்கு நாம் கண்ணிலேயே பட மாட்டோம். இந்தக் கேம்களுக்கு நம் ஊரில் இருக்கும் பெயருக்கும் உலகச் சந்தையில் இருக்கும் பெயருக்கும் இவ்வளவு இடைவெளி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நடந்தும் இருக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் 1999-இல் வந்தது. அது சாகாமல் இருந்ததற்குக் காரணம் ரசிகர்கள் தாங்களே புதிய நாகரிகங்களைச் சேர்த்து ஒரு விரிவாக்கம் செய்ததுதான். மைக்ரோசாஃப்ட் அவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் விடவில்லை. 2013-இல் அதையே அதிகாரப்பூர்வமாக்கி, அந்த ஆட்களுக்கே வேலையும் கொடுத்தது. 2019-இல் டெஃபினிட்டிவ் எடிஷன் வந்தது. 2022-இல் இந்தியாவுக்கென்றே ஒரு விரிவாக்கம் வந்து, திராவிடர் என்று ஒரு நாகரிகம், ராஜேந்திர சோழனுக்கு ஒரு தனிப் போர்த்தொடர், உருமி வாள்வீரர்கள், திரிசடை கப்பல் எல்லாம் சேர்ந்தன. ஆட்களைத் தட்டினால் தமிழில் பதில் சொல்வார்கள். எதிர்த் திசையில் போனது ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக் டூ. ஜி.டி.ஏ. 3, வைஸ் சிட்டி இரண்டின் கோடையும் ரசிகர்கள் பிரித்துப் படித்துத் திரும்ப எழுதியபோது, 2021-இல் அதை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லி வழக்கே போட்டது. சட்டப்படி அவர்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். அந்த ரசிகர்களின் வேலை தரமானது என்பதை ஒரு புரோகிராமராக என்னால் சொல்ல முடியும்.

கடைசியாக சேவ் கேள்வி. முதல் ஐ.ஜி.ஐ.யில் மிஷன் நடுவே சேவ் கிடையாது, அரைமணி நேரம் ஊர்ந்து போய்க் கடைசி வேலியில் செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பயம்தான் கேமின் உயிர் என்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அந்தச் சாவு பல நேரம் நியாயமாக இருந்ததில்லை. காலியான இடம் என்று நினைத்த பக்கத்திலிருந்து ஆள் வந்து முதுகில் சுடுவான். இரண்டாம் பாகத்தில் மிஷனுக்கு இத்தனை சேவ்தான் என்று அளவு வைத்தார்கள். எனக்கு அதுவே சரியாகப் படுகிறது. நான் செய்தால் மிஷனுக்கு மூன்று சேவ் கொடுப்பேன், அலாரம் அடித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. சேவே வேண்டாம் என்பவர்களுக்கு மெனுவில் "பழைய முறை" என்று ஒரு வரி போட்டுவிடலாம், அதற்கு ஒரு நாள் வேலைகூட ஆகாது.